இனி அந்தப் பைத்தானுக்கு நீங்களே பொறுப்பு

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உங்களில் பலரிடம் ஒரு கோரிக்கை வந்து நிற்கும். நிரல் எழுதும் குழுவிலிருந்து ஒருவர் வந்து, "எங்கள் அப்ளிகேஷனுக்குப் பைத்தான் 3.12 வேண்டும், சர்வரில் 3.9 தான் இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள்" என்பார். தேடினால் ஐந்தாறு வரிக் கட்டளைகள் உடனே கிடைக்கும். மூலநிரலை இறக்கு, பிரி, 'கான்ஃபிகர்' ஓட்டு, 'மேக்' ஓட்டு, கடைசியில் 'மேக் இன்ஸ்டால்'. ரூட் கணக்கில் நுழைந்து அந்த வரிகளை ஒட்டிவிட்டால் சற்று நேரத்தில் புதிய பைத்தான் தயார். கேட்டவரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அந்த ஐந்தாறு வரிகள் சொல்லாமல் விடுகிற ஒன்றைச் சொல்லவே இந்த மடல். ஒரு நிரல்மொழியை மூலநிரலிலிருந்து நிறுவும்போது, அதுவரை டெபியனோ உபுண்டுவோ ரெட் ஹேட்டோ உங்களுக்காகச் செய்துவந்த வேலை உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், எந்த லைப்ரரியோடு இணைய வேண்டும், பாதுகாப்புத் திருத்தம் வந்தால் யார் போட வேண்டும் என்பதையெல்லாம் இனி நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சொந்தமாகக் கிணறு வெட்டியவர்தான் அதில் தூரும் வார வேண்டும். வெட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தூர் வாரும் பொறுப்பையும் சேர்த்து எண்ணிப் பார்த்து வெட்டுங்கள் என்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். சர்வரில் பழைய பதிப்பு இருப்பது யாரோ கவனிக்காமல் விட்டதால் அல்ல. உபுண்டு 20.04 பைத்தான் 3.8 உடன் வந்தது. 22.04 இல் 3.10. டெபியன் 12 இல் 3.11. ரெட் ஹேட் 9 இல் 3.9. ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுக்க அந்த எண் மாறாது. மாறாமல் இருப்பதுதான் அவர்கள் தரும் வாக்குறுதி. பைத்தான் குழு ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் மட்டுமே திருத்தங்கள் தருகிறது. 3.9 க்கு 2025 அக்டோபரில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ரெட் ஹேட் 9 இன் ஆதரவு 2032 வரை உண்டு. அதுவரை புதிய பதிப்புகளுக்கு எழுதப்படும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய 3.9 க்குள் பொருத்திக் கொடுப்பது ரெட் ஹேட் பொறியாளர்களின் வேலை. எண் பழையதாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது திருத்தப்பட்ட பைத்தான்.

ஆகவே கோரிக்கை வந்ததும் முதல் கேள்வியாக, "3.12 இல் மட்டும் இருக்கும் எது உங்களுக்குத் தேவை?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வந்தால், அந்தப் பதிப்பு பேக்கேஜாகவே கிடைக்கிறதா என்று பாருங்கள். ரெட் ஹேட் 9 இல் 3.11, 3.12 இரண்டுமே தனிப் பேக்கேஜ்களாக, இருக்கும் 3.9 ஐத் தொந்தரவு செய்யாமல் வந்து உட்காரும். அப்படிக் கிடைத்தால் அதையே போடுங்கள். உங்கள் வேலை அங்கே முடிந்தது. கிடைக்காதபோதும், தனிப்பட்ட கம்பைல் அமைப்புகள் தேவைப்படும்போதும், ஒரே சர்வரில் பல பதிப்புகள் அருகருகே இருக்க வேண்டியிருக்கும்போதும் மூலநிரல் வழிக்கு வாருங்கள். பைத்தான் குழு விண்டோஸுக்கும் மேக்ஓஎஸ்ஸுக்கும் ஆயத்த நிறுவிகள் தருகிறது. லினக்ஸுக்கு அவர்கள் கொடுப்பது மூலநிரல்தான்.

அந்த வழியில் இறங்கியபின் எந்நாளும் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. சர்வரோடு வந்த பைத்தானைத் தொடாதீர்கள். அதை நீக்காதீர்கள், அதன் பெயர்ச் சுட்டியை வேறு பதிப்புக்குத் திருப்பாதீர்கள். அந்தப் பைத்தான் உங்களுக்காக வைக்கப்பட்டதல்ல. இயங்குதளம் தன் சொந்த வேலைக்காக வைத்திருப்பது.

சென்ட்ஓஎஸ் 7 இதற்கு நல்ல பாடம். 2014 இல் வெளிவந்து 2024 ஜூன் 30 வரை ஆதரவில் இருந்த அந்த இயங்குதளத்தில் பைத்தான் 2.7.5 இருந்தது. பேக்கேஜ்களை நிறுவும் 'யம்' பைத்தான் 2 இல் எழுதப்பட்ட நிரல். அதன் முதல் வரியே /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான் என்று சுட்டும். பைத்தான் 3 ஐ நிறுவிய பலர், 'பைத்தான்' என்று தட்டினால் புதியது வரட்டும் என்று அந்தச் சுட்டியைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த முறை 'யம்' ஓடியபோது, பைத்தான் 2 இல் மட்டும் செல்லுபடியாகும் ஒரு வரியில் தொடரியல் பிழை காட்டி நின்றது. கெட்டதைச் சரிசெய்ய 'யம்' வேண்டும், கெட்டுப்போனதே 'யம்'. சுட்டியைத் திருப்பியவருக்கு அது நினைவிருந்தால் ஒரே கட்டளையில் மீளலாம். வேறொருவர் திருப்பி வைத்த சர்வர் உங்கள் கைக்கு வந்தால், காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் 'ஆப்ட்' (apt) சி++ இல் எழுதப்பட்டது என்பதால் இந்த அடி நேரடியாக விழாது. ஆனால் புதிய பேக்கேஜ் மூலங்களைச் சேர்க்கும் கருவி, ஃபயர்வாலுக்கான 'யூஎஃப்டபிள்யூ' என்று சுற்றியிருக்கும் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றில் சில, அந்த ஒரு பதிப்புக்கென்றே கம்பைல் செய்யப்பட்ட மாடியூல்களை நம்பியிருக்கின்றன. சுட்டியை மாற்றினால் 'ஆப்ட்_பிகேஜி' என்ற மாடியூலைக் காணவில்லை என்ற செய்தி வரும். டிஸ்ட்ரோக்காரர்களும் இந்த அனுபவங்களிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ரெட் ஹேட் 8 இல் இயங்குதளத்துக்கான பைத்தானைத் தனி இடத்தில் ஒதுக்கி, 'பிளாட்ஃபார்ம் பைத்தான்' என்று பெயரும் வைத்தார்கள். டெபியன் 12 இல், 'பிப்' கொண்டு இயங்குதளப் பைத்தானுக்குள் எதையும் திணிக்க முயன்றால் அது மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தாண்டிப் போக ஒரு ஆப்ஷன் உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அப்படியானால் புதியதை எங்கே வைப்பது? லினக்ஸ் கோப்பமைப்பு மரபில் இதற்கென்றே இரண்டு இடங்கள் இருக்கின்றன. /யூஎஸ்ஆர்/லோக்கல் அந்த மெஷினின் நிர்வாகி தானாக நிறுவுபவற்றுக்கு. /ஆப்ட் (opt) தனித்தனி முழுமையான தொகுப்புகளுக்கு. எங்கே என்று சொல்லாமல் 'கான்ஃபிகர்' ஓட்டினால் பைத்தான் முதல் இடத்துக்குப் போகும். நான் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன். 'ப்ரிஃபிக்ஸ்' ஆப்ஷனில் /ஆப்ட்/பைத்தான்/3.12 என்பதுபோல் பதிப்பின் பெயரிலேயே ஒரு டைரக்டரி கொடுங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள். பெரும்பாலான சர்வர்களில் கட்டளைகளைத் தேடும் வரிசையில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால் வரும். அங்கே 'மேக் இன்ஸ்டால்' செய்தால் 'பைத்தான்3' என்ற பெயரையே உங்களுடையது பிடித்துக்கொள்ளும். இயங்குதளச் சுட்டியை நீங்கள் தொடவே இல்லை, ஆனாலும் அந்தப் பெயரை நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் உங்கள் பைத்தானில் ஓடத் தொடங்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் பைத்தான் குழுவே 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என்ற கட்டளையைத் தந்திருக்கிறது. அது 'பைத்தான்3.12' என்று முழு எண்ணோடுள்ள பெயரை மட்டும் வைக்கும், பொதுப்பெயரைத் தொடாது. இன்னொரு காரணம் நீக்குவது. பைத்தானின் மேக்ஃபைலில் 'அன்இன்ஸ்டால்' கிடையாது. /யூஎஸ்ஆர்/லோக்கலில் பரவிய ஆயிரக்கணக்கான கோப்புகளில் எது பைத்தானுடையது, எது வேறொன்றினுடையது என்று பின்னால் பிரித்தெடுப்பது கொடுமை. தனி டைரக்டரியில் இருந்தால் அதை அழித்தால் போதும்.

அடுத்து, இறக்கிய மூலநிரல் உண்மையானதுதானா என்ற கேள்வி. கண்ணால் பார்க்கக்கூடிய நிரல் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு இருப்பதை அறிவித்தார். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று அவர் துருவிப் பார்த்ததில்தான் அது வெளிப்பட்டது. நம் வேலைக்கு முக்கியமான விவரம் இது: தீய நிரலின் ஒரு பகுதி சோதனைக் கோப்புகள் போல வேடமிட்டு நிரல் களஞ்சியத்தில் இருந்தது. அதைக் கிளப்பிவிடும் வரிகளோ களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டப்பட்ட டார் கோப்பின் பில்ட் ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தன. நாம் 'கான்ஃபிகர்', 'மேக்' ஓட்டுவது அதுபோன்ற டார் கோப்பிலிருந்துதான். பைத்தான் மூலநிரல் வருவதும் எக்ஸ்இசட் வடிவில் சுருக்கப்பட்டு, பைத்தானின் ஒரு மாடியூல் இணைவதும் அந்த லைப்ரரியோடுதான்.

எனவே மூலநிரலை அதிகாரபூர்வ இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கையொப்பத்தைச் சரிபாருங்கள். பல ஆண்டுகள் பிஜிபி கையொப்பம் இதற்குப் பயன்பட்டது. 2025 அக்டோபரில் வந்த 3.14 முதல் 'சிக்ஸ்டோர்' கையொப்பம் மட்டுமே. சரிபார்ப்பது எக்ஸ்இசட் போன்ற சதி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனால் வழியில் யாரும் மாற்றவில்லை, பாதியில் அறுபடவில்லை என்பதை உறுதிசெய்ய அதைவிட எளிய வழி இல்லை. கம்பைல் செய்வதையும் சாதாரணப் பயனராகவே செய்யுங்கள். கோப்புகளை இடத்தில் வைக்கும் கடைசிப் படிக்கு மட்டும் ரூட் உரிமை போதும்.

இப்போது கம்பைல். பலர் ஏமாறும் இடம் இதுதான், ஏனென்றால் பைத்தான் தோற்றுப்போவதை உரக்கச் சொல்வதில்லை. 'மேக்' பிழையில்லாமல் முடியும், பைத்தானும் ஓடும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடையும் சரியாக வரும். சில நாள் கழித்து ஒருவர் 'பிப்' ஓட்டும்போது 'எஸ்எஸ்எல் மாடியூல் இல்லை' என்று நிற்கும். இன்னொருவருக்கு 'எஸ்க்யூலைட்' இருக்காது. காரணம், பைத்தானின் பல மாடியூல்கள் வெளியே இருக்கும் சி லைப்ரரிகளைச் சார்ந்தவை. லைப்ரரி சர்வரில் இருந்தால் மட்டும் போதாது, அதன் ஹெடர் கோப்புகளும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் அவை 'டெவ்' என்று முடியும் பேக்கேஜ்களில், ரெட் ஹேட் வகையில் 'டெவெல்' என்று முடியும் பேக்கேஜ்களில் வரும். ஓபன்எஸ்எஸ்எல், ஜிலிப், பிஜிப்2, எல்இசட்எம்ஏ, எஸ்க்யூலைட், ரீட்லைன், லிப்எஃப்எஃப்ஐ ஆகியவற்றுக்கு இவற்றை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தந்த மாடியூலை விட்டுவிட்டுப் பைத்தான் தன்பாட்டுக்குக் கட்டி முடித்துவிடும். எதை விட்டோம் என்று 'மேக்' முடியும் இடத்தில் ஒரு பட்டியல் போடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிய பிறகு வரும் அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இந்த மடலிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லைப்ரரி இருந்தும் பதிப்பு போதாமல் போவதுண்டு. பைத்தான் 3.10 முதல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 ஆவது வேண்டும். சென்ட்ஓஎஸ் 7 இல் இருந்தது 1.0.2. ஹெடர் பேக்கேஜை ஒழுங்காகப் போட்ட பிறகும் எஸ்எஸ்எல் வரவில்லையே என்று அங்கே குழம்பியவர்கள் நிறைய. விடை 'கான்ஃபிக் டாட் லாக்' கோப்பில் இருக்கும். 'கான்ஃபிகர்' எதைத் தேடியது, எது கிடைத்தது, எது ஏன் ஒதுக்கப்பட்டது என்று அது வரிவரியாக எழுதி வைக்கும். நீளத்தைப் பார்த்து மிரளாதீர்கள், லைப்ரரியின் பெயரைத் தேடிப் போங்கள்.

வேகத்துக்காக 'எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டால் பைத்தான் ஒருமுறை கட்டப்படும். பிறகு தன் சோதனைகளில் ஒரு பகுதியை ஓட்டி, தன் நிரலின் எந்தப் பாதை அதிகம் பயன்படுகிறது என்று அளக்கும். அந்த அளவைக் கொண்டு மறுபடியும் கட்டப்படும். நேரம் பல மடங்கு ஆகும். உண்மையான வேலைக்கு ஓடப்போகும் பைத்தானுக்கு அந்த நேரம் வீணல்ல. ஆனால் மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில், அதுவும் நினைவகம் குறைந்த சிறு சர்வரில், இதைச் செய்யாதீர்கள். கம்பைலர் நினைவகத்தைத் தின்று, அருகில் ஓடும் டேட்டாபேஸைக் கர்னல் நிறுத்தும் நிலை வரலாம். வேறொரு மெஷினில் கட்டி எடுத்து வாருங்கள். அந்த மெஷினும் அதே டிஸ்ட்ரோவின் அதே வெளியீடாக இருக்கட்டும். புதிய சி லைப்ரரியோடு கட்டியது பழைய சர்வரில் ஓட மறுக்கும்.

நிறுவி முடிந்ததும் எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட், சிடைப்ஸ், எல்இசட்எம்ஏ ஆகிய மாடியூல்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்து பாருங்கள். எஸ்எஸ்எல் எந்த ஓபன்எஸ்எஸ்எல் பதிப்போடு இணைந்திருக்கிறது என்று அதனிடமே கேளுங்கள். பிறகு ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி 'வென்வ்' உருவாக்கிக் கொடுத்து, சர்வீஸ் கோப்பில் அந்த வென்வின் முழுப் பாதையை எழுதுங்கள். அடிப்படைப் பைத்தானுக்குள் யாரும் எதையும் 'பிப்' செய்யக் கூடாது என்பதை அன்றே குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

இத்துடன் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி ஆண்டுக்கணக்கில் நீளும்.

2021 பிப்ரவரியில் பைத்தான் குழு 3.9.2, 3.8.8 பதிப்புகளைத் திட்டமிட்ட நாளுக்கு முன்பே வெளியிட்டது. சிடைப்ஸ் மாடியூலில் இருந்த ஒரு பஃபர் வழிதல் ஓட்டையை அடைப்பது அதற்கொரு காரணம். டிஸ்ட்ரோ தந்த பைத்தானை வைத்திருந்தவர்களுக்கு அதன் திருத்தம் வழக்கமான அப்டேட்டோடு வந்து சேர்ந்தது. மூலநிரலில் கட்டியவர்களுக்கு எதுவும் வரவில்லை. உபுண்டுவின் 'ஆப்ட்', ரெட் ஹேட்டின் 'டிஎன்எஃப்' ஆகிய பேக்கேஜ் கருவிகள் இரண்டுக்குமே /ஆப்ட் டைரக்டரியில் நீங்கள் வைத்த பைத்தான் இருப்பதே தெரியாது. பேக்கேஜ் பட்டியலை மட்டும் பார்த்து ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர்களுக்கும் தெரியாது. அறிக்கை பச்சையாகவே இருக்கும், ஓட்டையும் திறந்தே இருக்கும். ஆகவே பைத்தான் குழுவின் பாதுகாப்பு அறிவிப்புகள் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்படி செய்துகொள்ளுங்கள். உங்கள் பதிப்பின் ஆயுள் முடியும் மாதத்தை அலுவலகக் காலண்டரில் இன்றே குறியுங்கள். 3.12 க்கு அது 2028 அக்டோபர்.

ஓபன்எஸ்எஸ்எல் விஷயத்திலும் கவனம் வேண்டும். டிஸ்ட்ரோவின் ஓபன்எஸ்எஸ்எல்லோடு இணைத்திருந்தால் அதன் திருத்தங்கள் உங்கள் பைத்தானுக்கும் கிடைக்கும். சர்வீஸை மறுபடி தொடங்கினால் போதும். அதையும் நீங்களே கட்டியிருந்தால் அந்தத் திருத்தங்களும் உங்கள் தலையில்தான். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோது டிஸ்ட்ரோ பேக்கேஜை வைத்திருந்தவர்கள் ஒரு அப்டேட்டில் அடைத்தார்கள். சொந்தமாகக் கட்டியவர்கள் எங்கெங்கே கட்டினோம் என்று தேட வேண்டியிருந்தது. இயங்குதளத்தை அடுத்த வெளியீட்டுக்கு உயர்த்தும்போதும் இதை மறக்காதீர்கள். உபுண்டு 20.04 இல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1, 22.04 இல் 3.0. பழையது நீக்கப்பட்டதும் உங்கள் பைத்தானில் எஸ்எஸ்எல் நின்றுபோகும். திரும்பக் கட்டத்தான் வேண்டும்.

அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். எந்தப் பதிப்பு, எங்கிருந்து இறக்கியது, என்ன 'கான்ஃபிகர்' ஆப்ஷன்கள், எந்த ஹெடர் பேக்கேஜ்கள், எந்த அப்ளிகேஷனுக்காக, யார் கேட்டது என்று ஒரு பக்கம் போதும். இன்னும் நல்லது, முழு வேலையையும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதி 'கிட்' களஞ்சியத்தில் வையுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது பதிப்பு எண்ணை மாற்றி ஓட்டினால் முடிந்தது. உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவர் உங்களைத் தொலைபேசியில் தேட வேண்டியிருக்காது.

"எல்லாம் கன்டெய்னருக்குப் போய்விட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். டாக்கரின் அதிகாரபூர்வப் பைத்தான் இமேஜ் எப்படிக் கட்டப்படுகிறது என்று அதன் டாக்கர்ஃபைலைத் திறந்து பாருங்கள். மூலநிரலை இறக்கி, 'கான்ஃபிகர்' ஓட்டி, 'மேக்' செய்கிறது. பல பைத்தான் பதிப்புகளை நிறுவித் தரும் 'பைஎன்வ்' கருவி செய்வதும் அதேதான். 'மேக்' 1976 இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் 'ஆட்டோகான்ஃப்' 1991 இல் வந்தது. பிஎச்பி, ரூபி என்று வேறு மொழிகளை மூலநிரலிலிருந்து கட்டும்போதும் இதே படிகள்தான் வரும். பைத்தானில் ஒருமுறை புரிந்துகொண்டு செய்தால் அந்த அறிவு உங்கள் பணிக்காலம் முழுதும் உதவும்.

ஆகவே அடுத்த முறை அந்தக் கோரிக்கை வரும்போது உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். இதன் திருத்தங்களை யார் போடுவார், இது இங்கே இருப்பது யாருக்கெல்லாம் தெரியும், வேண்டாமென்றால் எப்படி நீக்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் எழுத்தில் பதில் வாங்குங்கள். அவசரம் என்றால் அரை நாளாவது கேளுங்கள், அது உங்கள் உரிமை. மூன்றுக்கும் பதில் இருந்தால் தைரியமாகக் கட்டுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் டிஸ்ட்ரோ தரும் பைத்தானே அந்தச் சர்வருக்குச் சரியானது.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்த ஒருவர்